ஹைட்டியின் வறுமை: 1825 கடனா, சொந்த ஆட்சியாளர்களா?

கடலோடி:
கரீபியன் கடலில் இருக்கும் ஹைட்டி என்றாலே ஊழல், அடிதடி என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள், 1825-ஐ யாரும் தொடுவதில்லை. பிரான்சின் காலனியாக இருந்த அங்கே அடிமைகளாக இருந்த மக்கள் 1791-ல் கிளம்பி, நெப்போலியன் அனுப்பிய படையையும் தோற்கடித்து, 1804 ஜனவரி 1 அன்று சுதந்திரம் அறிவித்தார்கள். 21 வருடம் கழித்து பிரான்ஸ் மன்னர் பத்தாம் சார்ல்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, 15 கோடி பிராங்க் கட்டினால் அங்கீகாரம் தருகிறேன் என்றார். நிலத்தையும் அடிமைகளையும் இழந்த முதலாளிகளுக்கு நஷ்டஈடாம்! முதல் தவணைக்கே பாரிஸில் 3 கோடி கடன் வாங்க வேண்டியிருந்தது. அதிலும் கைக்கு வந்தது 2.4 கோடிதான்.

மணல்மேடு:
அது அநியாயம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதற்கு ஒப்புக்கொண்டது ஹைட்டியின் அதிபர் பொயேர். 1826-ல் அவர் போட்ட கிராமச் சட்டம் விவசாயிகளைத் தோட்டத்தை விட்டு நகரவிடாமல் கட்டிப்போட்டது. அதற்கு முன்பே ஹைட்டியின் வடக்கில் கிறிஸ்தோஃப் மன்னராக முடிசூடி, மலை உச்சியில் கோட்டை கட்ட மக்களைக் கட்டாயமாக வேலை வாங்கினார். அப்போது இந்தக் கடனே கிடையாதே.

கடலோடி:
கிறிஸ்தோஃப் விஷயம் சரி. ஆனால் பிரான்ஸ் எப்போது திரும்பி வருமோ என்ற பயத்தில்தான் அந்தக் கோட்டையே எழுந்தது. பொயேரும் ஏற்றுமதியைக் கூட்டிக் கடனைக் கட்டத்தான் மக்களைத் தோட்டத்துக்குத் துரத்தினார். 1838-ல் மீதியை 6 கோடியாகக் குறைத்தார்கள், ஆனாலும் கடனை அடைக்கக் கடன் என்று போய், கடைசியில் 1947-ல்தான் தீர்ந்தது.

தென்னங்கீற்று:
ஒரு கேள்வி. அதே தீவின் கிழக்குப் பாதிதானே டொமினிக்கன் குடியரசு? அது மட்டும் எப்படி முன்னேறியது?

கடலோடி:
தீவு ஒன்றுதான், கதை வேறு. மேற்கில் பிரான்சின் கரும்புத் தோட்டங்களில் சுமார் 5 லட்சம் அடிமைகள். கிழக்கே ஸ்பெயினின் பகுதியில் ஆள் குறைவு, மாடு மேய்ச்சல்தான் அதிகம். 1822-ல் பொயேர் கிழக்கையும் பிடித்து, இந்தக் கடனுக்காக அவர்களிடமும் வரி கேட்டார். அந்தக் கோபமும் சேர்ந்துதான் 1844-ல் பிரிந்தார்கள். பிரிந்த பிறகு பாக்கி முழுவதும் ஹைட்டி தலையில்.

மணல்மேடு:
கிழக்கிடம் வரி கேட்ட விஷயம் எனக்குப் புதிது, நன்றி. 1914-ல் அமெரிக்கக் கடற்படை வீரர்கள் ஹைட்டி வங்கியிலிருந்து 5 லட்சம் டாலர் தங்கத்தை எடுத்துப்போனதையும் உங்கள் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள், அடுத்த வருடமே நாட்டைப் பிடித்து 1934 வரை உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் 1957 முதல் 1986 வரை அதிபர்களாக இருந்த துவாலியே அப்பாவும் மகனும் சொந்த மக்களைக் கொன்று கஜானாவைச் சுரண்டியது பிரான்ஸ் கேட்டு நடக்கவில்லை. அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.