பைபாஸுக்குப் பின் பொட்டாசியம் 5.6: சலைனா, ரிங்கர் லாக்டேட்டா?

டர்பன்_தாதி:
வணக்கம். இதய அறுவை ஐசியூவில் பணி. நீண்ட நாள் சர்க்கரை நோயால் சிறுநீரகம் தளர்ந்த நம்மவர்கள் நிறைய வருகிறார்கள். தியேட்டரிலிருந்து வந்ததும் பொட்டாசியம் 5.6, குளோரைடு 116, பைகார்பனேட் 18, லாக்டேட் 1.6 என்று ரிப்போர்ட் இருந்தால், "ரிங்கரில் பொட்டாசியம் இருக்கு, சலைனே போடுங்க" என்கிறார்கள். இது சரியா? ஆல்புமின் (ரத்தப் புரதத் திரவம்) எப்போது தேவை?

மயக்கவியல்_கேப்டவுன்:
சரியில்லை, சிஸ்டர். ஒரு லிட்டர் ரிங்கர் லாக்டேட்டில் பொட்டாசியம் 4 முதல் 5 மில்லிமோல்தான். நோயாளியின் ரத்தத்தில் 5.6. அதைவிடக் குறைவாக உள்ள திரவம் அதை எப்படி ஏற்றும்?

ஏற்றுவது சலைன்தான். அதில் குளோரைடு 154, ரத்தத்தில் சுமார் 100. 3 லிட்டர் சலைனில் குளோரைடு 462 மில்லிமோல் போகிறது; அதே அளவு பிளாஸ்மாலைட்டில் (ரிங்கரைப் போல, உப்பளவு ரத்தத்தை ஒத்த சமநிலைத் திரவம்) 294. குளோரைடு கூடினால் ரத்தம் அமிலமாகும், செல்லுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே வரும். சிறுநீரக மாற்று அறுவையில் சலைனையும் சமநிலைத் திரவத்தையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் சலைன் பெற்றவர்களுக்கே பொட்டாசியம் அதிகம் ஏறியது.

நீங்கள் கொடுத்த ரிப்போர்ட்டில் பைகார்பனேட் குறைந்து ரத்தம் அமிலமாகியிருக்கிறது. ஆனால் லாக்டேட் (ரத்த ஓட்டம் குறைந்தால் ஏறுவது) சரியாக இருக்கிறது, குளோரைடுதான் ஏறியிருக்கிறது. இந்த அமிலத்தன்மையை ரத்த ஓட்டக் குறைவு என்று எண்ணி இன்னும் சலைன் ஏற்றினால் நிலைமை மோசமாகும். பொட்டாசியம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்: கார்டியோபிளீஜியா (அறுவையின்போது இதயத்தை நிறுத்தச் செலுத்தும் பொட்டாசியக் கரைசல்), சிவப்பணு சிதைவு, சிறுநீர் குறைவு. ஈசிஜி மாறினால் முதலில் கால்சியம், பிறகு டெக்ஸ்ட்ரோஸுடன் இன்சுலின்.

ஆனாலும் சலைனை நஞ்சாக்க வேண்டாம். சுமார் 15,800 ஐசியூ நோயாளிகளிடம் நடந்து 2018-இல் வெளிவந்த ஸ்மார்ட் ஆய்வில், மரணம், டயாலிசிஸ், நீடித்த சிறுநீரகக் கேடு மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டபோது சலைனில் 15.4%, சமநிலைத் திரவங்களில் 14.3%. பிறகு வந்த பேசிக்ஸ் (2021), பிளஸ் (2022) ஆய்வுகளில் மரண விகிதத்தில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. இவை இதய அறுவைக்கு மட்டுமான ஆய்வுகளும் அல்ல. குளோரைடு ஏற்கெனவே 116 உள்ளவருக்குச் சலைனைத் தேர்ந்தெடுக்க எனக்குக் காரணமே தெரியவில்லை.

பம்ப்_ரூம்:
பையை மாற்றினால் போதாது, ஒளிந்திருக்கும் சலைனையும் எண்ணுங்கள். ஆன்டிபயாடிக் கரைக்கும் சலைன், லைனைக் கழுவுவது, செல் சேவரில் (சிந்திய ரத்தத்தைச் சேகரித்துத் திருப்பிக் கொடுக்கும் கருவி) அணுக்களைக் கழுவுவது. ரத்த அழுத்தம் அளக்கும் பிரஷர் லைன் ஒவ்வொன்றிலும் மணிக்கு சுமார் 3 மில்லி ஓடும். இரண்டு லைன் என்றால் நாளுக்கு ஏறக்குறைய 150 மில்லி. சார்ட்டில் இவை பல நேரம் ஏறுவதே இல்லை.

எங்கள் பக்கத்தில் பம்ப்பை (அறுவையின்போது இதயம், நுரையீரலின் வேலையைச் செய்யும் பைபாஸ் இயந்திரம்) நிரப்பவே 1 முதல் 1.5 லிட்டர் போகிறது. அதில் ஒரு பகுதியை நோயாளியின் சொந்த ரத்தத்தால் பின்னோக்கித் தள்ளி வெளியேற்றினால் ரத்தம் அவ்வளவு நீர்த்துப்போகாது. இன்னொன்று: ரத்தம் ஏறும் லைனில் ரிங்கரைக் கலக்காதீர்கள். அதிலுள்ள கால்சியம், ரத்தப் பையில் உறைதலைத் தடுக்கும் சிட்ரேட்டை மீறி ரத்தத்தை உறையவைக்கும்.

மயக்கவியல்_கேப்டவுன்:
ஆல்புமின் கேள்வி விட்டுப்போயிற்று. ஹெல்சின்கியில் சுமார் 1,400 இதய அறுவை நோயாளிகளிடம் 4% ஆல்புமினை ரிங்கர் அசிடேட்டுடன் ஒப்பிட்டார்கள் (2022). பெரிய சிக்கல்கள் குறையவில்லை. ரத்தக்கசிவு ஆல்புமின் தரப்பில்தான் கூடுதல். தென்னாப்பிரிக்காவில், டர்பன் அருகே பைன்டவுனில் தயாராகும் நம் ஆல்புமின் தானம் செய்தவர்களின் பிளாஸ்மா. அதை முதல் பையாகத் தொங்கவிடக் கூடாது. சமநிலைத் திரவம் நிறையக் கொடுத்தும் இதயம் நிரம்பாதபோது யோசிக்கலாம். ஸ்டார்ச் (மாவுச்சத்திலிருந்து செய்த ஏற்றுதிரவம்) வேண்டவே வேண்டாம்: சிறுநீரகத்தையும் கெடுக்கும், ரத்தக்கசிவையும் கூட்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் அதன் அனுமதியையே நிறுத்திவைத்தது.

டர்பன்_தாதி:
நன்றி டாக்டர். உடல் சூடேறும்போது பிரஷர் விழுந்தால் எவ்வளவு கொடுக்கலாம்?

மயக்கவியல்_கேப்டவுன்:
முதலில் காலை உயர்த்திப் பாருங்கள். ஸ்ட்ரோக் வால்யூம் (ஒரு துடிப்பில் இதயம் தள்ளும் ரத்த அளவு) 10% கூடினால் 250 மில்லி, 10 முதல் 15 நிமிடத்தில். பிறகு மறுபடி அளவிடுங்கள். கூடவில்லையென்றால் திரவம் வேண்டாம். இதயம் நன்றாகச் சுருங்கி, நாளங்கள் விரிந்ததுதான் காரணம் என்றால் நாளங்களைச் சுருக்கும் நார்அட்ரினலின். சிவிபி (இதயத்துக்கு அருகிலுள்ள பெரிய சிரையின் அழுத்தம்) ஏறி, ரத்த அழுத்தம் விழுந்து, ஓடிக்கொண்டிருந்த மார்பு டிரெயின் திடீரென நின்றால் டாம்பனாட் (இதயத்தைச் சுற்றி ரத்தம் தேங்கி அதை அழுத்துவது): பையைத் தேடாமல் சர்ஜனைக் கூப்பிடுங்கள்.