மலைப்பள்ளியில் ஆசிரியர் மாறுதல் வாங்கிப் போகாமல் நிலைத்திருக்க வழி என்ன? உள்ளூர்க்காரரை நியமித்தால் பயன் உண்டா?

கேள்வி: மலைப்பள்ளி ஆசிரியை

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஒன்றியத்தில், ஜவ்வாது மலைமேல் உள்ள ஈராசிரியர் பள்ளி ஒன்றில் இடைநிலை ஆசிரியையாக இருக்கிறேன். சொந்த ஊர் ஆம்பூர். உடன் இருந்தவர் இந்த ஆண்டுக் கலந்தாய்வில் மாறுதல் வாங்கிக் கீழே போய்விட்டார். அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. ஐந்து வகுப்பும் என் தலையில். ஆசிரியர் பயிற்சி முடித்த மலைப்பிள்ளைகள் இங்கேயே சும்மா இருக்கிறார்களே, அவர்களைப் போடக்கூடாதா என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் கேட்கிறார்கள். மனு எழுத வேண்டும். வெறும் ஆதங்கமாக எழுதினால் எடுபடாது. இதைப் பற்றி ஆய்வு ஏதாவது நடந்திருக்கிறதா?

பதில்: ஒடுகத்தூர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்

அம்மா, நடந்திருக்கிறது. அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் 1985-ல் தொடங்கிய ஒரு சோதனையில் பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் குலுக்கல் முறையில் வகுப்புகளுக்குப் பிரித்தார்கள். தன் சமூகத்தவரே ஆசிரியராக இருந்தால் பிள்ளைக்குப் பயன் உண்டா என்று அறிய, கெர்ஷென்சன் என்ற ஆய்வாளரின் குழுவினர் பின்னாளில் அந்தப் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று பார்த்தார்கள். மூன்றாம் வகுப்புக்குள் ஒரே ஒரு கறுப்பின ஆசிரியரிடமாவது படித்த கறுப்பினப் பிள்ளைகளில், அப்படிப் படிக்காதவர்களைவிட, பள்ளிப்படிப்பை முடித்தவர்கள் 9 சதவீதப் புள்ளியும், கல்லூரியில் சேர்ந்தவர்கள் 6 சதவீதப் புள்ளியும் அதிகம்.

அது தொலைதூரக் கதை என்று அதிகாரி தள்ளிவிடுவார். பக்கத்து ஆந்திராவைக் காட்டுங்கள். அங்குள்ள அரசுப் பள்ளிகளில் பொருளியல் ஆய்வாளர்கள் முரளிதரனும் கேதகி சேத்தும் செய்த ஆய்வில், ஆசிரியைகளிடம் பெண்பிள்ளைகள் கூடுதலாகக் கற்றார்கள். அதனால் ஆண்பிள்ளைகளுக்கு இழப்பு ஏதும் வரவில்லை.

ஆசிரியர் நிலைத்திருப்பது பற்றிக் கேட்டீர்கள். நியூயார்க் மாநில அரசுப் பள்ளிகளில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்களில் 61 சதவீதம் பேர் தங்கள் சொந்த ஊரிலிருந்து 15 மைலுக்குள்ளேயே வேலைக்குச் சேர்ந்தார்கள் என்று 2005-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. வீட்டுக்கு அருகில் வேலை பார்க்க நினைப்பது குற்றமில்லை. கீழே இறங்கிப்போன உங்கள் சக ஆசிரியரைத் திட்டி மனு எழுதாதீர்கள். மலையே வீடாக உள்ளவரைக் கேளுங்கள்.

நான் மலையில் இருந்தபோது இந்த மலையிலேயே வாழும் மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்த ஆசிரியர் ஒருவர் உடன் பணிபுரிந்தார். மாசி, பங்குனியில் புளி உலுக்கும் காலம் வந்தால் வருகைப் பதிவேட்டில் பாதிப் பெயர்களுக்கு நேரே ஆப்சென்ட் விழும். கீழிருந்து வந்தவர்கள் "நீண்ட நாள் வராதவர்" என்று எழுதி முடித்துவிடுவார்கள். அவர் விடியலிலேயே புளியந்தோப்புக்குப் போய்விடுவார். எந்தப் பிள்ளை அப்பாவோடு கேரள மிளகுத் தோட்டத்துக்குப் போயிருக்கிறது, எது பாட்டி வீட்டில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். புளியின் ஓட்டைத் தட்டிக்கொண்டிருக்கும் தாயிடம் முறை சொல்லி அழைத்துப் பேசுவார். பத்து மணிக்குள் நாலைந்து பிள்ளைகள் புளிக்கறை படிந்த விரலோடு வகுப்பில் இருக்கும். இந்த வேலையை எந்தப் பயிற்சி வகுப்பும் எனக்குக் கற்றுத் தரவில்லை.

பதில்: உருது வழி ஆசிரியை, பேரணாம்பட்டு

சார் சொல்வதை முழுமனதோடு ஏற்கிறேன். ஒன்று சேர்க்க வேண்டும். உள்ளூர்க்காரர் என்பதாலேயே எல்லாச் சுமையும் அவர் தோளில் ஏறும். பெற்றோரைச் சமாதானம் செய்ய, சாதிச் சான்றிதழுக்கு அலைய, எமிஸ் என்ற பள்ளித் தகவல் இணையதளத்தில் விவரம் பதிவேற்ற எல்லாவற்றுக்கும் அவரையே கூப்பிடுவார்கள். பள்ளியில் முடிவெடுக்கும்போது மட்டும் கேட்கமாட்டார்கள். ஆய்வாளர்கள் இங்கர்சாலும் ஹென்றி மேயும் 2011-ல் இதைத்தான் எழுதினார்கள். அமெரிக்காவில் சிறுபான்மை ஆசிரியர்களை நிறையச் சேர்த்தார்கள், ஆனால் அவர்கள் அதிகமாக வெளியேறினார்கள். சம்பளத்தைவிட, பள்ளி முடிவுகளில் பங்கு இல்லாததும் வகுப்பறையில் சுதந்திரம் இல்லாததும்தான் பெரிய காரணம். ஆகவே நியமனத்தோடு நிறுத்தாதீர்கள் டீச்சர். மலையிலிருந்து வருபவருக்குப் பொறுப்பும் அதிகாரமும் சேர்த்துக் கேளுங்கள்.

பதில்: ஒடுகத்தூர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்

சரியாகச் சொன்னீர்கள். நிரந்தர நியமனம் தேர்வு வாரியம் வழியாகத்தான் வரும், காலம் பிடிக்கும். அதுவரை பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக ஆசிரியரைக் கேட்கலாம். 2022-ல் அரசு அப்படி அனுமதித்தபோது இடைநிலை ஆசிரியருக்கு முதலில் அறிவித்த தொகை மாதம் 7,500 ரூபாய். தோட்டக் கூலிக்குப் போனால் அதைவிடக் கிடைக்கும். ஊதியத்தை உயர்த்தித் தரச்சொல்லி முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

மலைப்பள்ளி ஆசிரியை

நன்றி ஐயா, நன்றி டீச்சர். எங்கள் ஊரிலேயே தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்ற பெண் ஒருவர் இருக்கிறார். அவருடைய சான்றிதழ் நகலையும் குழுத் தீர்மானத்தையும் இணைத்து, வட்டாரக் கல்வி அலுவலரிடம் கொடுக்கிறேன். ஊதியம் பற்றிய பத்தியை நாளை இங்கே போடுகிறேன், திருத்திக் கொடுங்கள்.