மறு: டிஃபரன்ஷியல் ஆயிலுக்குத் தமிழ் - "பகிர்வி எண்ணெய்"

வணக்கம் நண்பர்களே,

பழைய பிக்கப் வண்டி வாங்குவோருக்காக நாம் தமிழில் எழுதும் பராமரிப்புக் கையேடு 'டிஃபரன்ஷியல்' என்ற சொல்லில் வந்து நிற்கிறது. பின் அச்சின் நடுவே இருந்து, இரண்டு சக்கரங்களையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்லிணை அமைப்பு அது. அதன் எண்ணெய்க்கு இதுவரை வந்த பரிந்துரைகள் 'வகையீட்டுப் பாய்மம்', 'வேறுபாட்டுப் பல்லிணை எண்ணெய்'. இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை.

வகையீடு நுண்கணிதத்துக்கு உரிய சொல். பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கு படித்தவருக்கு அதுதான் நினைவுக்கு வரும்; பட்டறைக்காரருக்கு ஒன்றுமே வராது. பாய்மமும் வேண்டாம், வாயுவும் பாய்மம்தான். பின் அச்சுக்குள் ஊற்றுவது எண்ணெய், அப்படியே சொல்வோம். 'வேறுபாட்டுப் பல்லிணை' புரிகிறது, ஆனால் அடுத்த சொல்லைத் தாங்காது. 'வேறுபாட்டுப் பல்லிணைப் பெட்டி எண்ணெய் நிரப்புதுளை மூடி' என்பதை வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு யார் படிப்பார்கள்?

அந்தக் கருவி செய்யும் வேலையைப் பார்ப்போம். நேர்ச்சாலையில் கிரவுன் (பின் அச்சுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரம்) 50 சுற்று சுற்றினால் இரண்டு பின்சக்கரங்களுக்கும் 50தான். வளைவில் உள்சக்கரம் 45 சுற்றினால் வெளிச்சக்கரம் 55 சுற்றும். ஒன்று தரையில் அசையாமல் நின்று மற்றது சேற்றில் வழுக்கினால், வழுக்குவது 100 சுற்றும். ஒன்று விட்டது மற்றதற்குப் போகிறது. சுழற்சியை இரண்டுக்கும் பகிர்ந்து கொடுப்பதால் 'பகிர்வி' என்று வைக்கலாம் என்கிறேன். பகிர்விப் பெட்டி, பகிர்வி எண்ணெய் என்று எளிதாகச் சேரும்.

நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகளில் முன்னுக்கும் பின்னுக்கும் விசை அனுப்பும் பெட்டியையும் பகிர்வி என்று குழப்பிக்கொள்வார்களே என்று கேட்கலாம். வேண்டும்போது மட்டும் நான்கு சக்கர இழுவைக்கு மாற்றும் வண்டிகளில் அந்தப் பெட்டி முன் அச்சையும் பின் அச்சையும் ஒன்றாகப் பூட்டிவிடுகிறது. சுற்று எதையும் பகிர்வதில்லை. எப்போதும் நான்கும் இழுக்கும் வண்டிகளில் நடுவே உண்மையிலேயே ஒரு பகிர்வி இருக்கும். அது 'நடுப்பகிர்வி'. சொல் இங்கே தெளிவைத்தான் கூட்டுகிறது.

'கியர் ஆயில்' என்று பொதுவாகச் சொன்னால் போதாதா என்ற கேள்விதான் முக்கியமானது. போதாது. பிக்கப்பின் பின் அச்சில், கிரவுனைச் சுற்றவைக்கும் சிறு பல்சக்கரமான பினியன், கிரவுனின் மையத்துக்குச் சற்றுக் கீழே தள்ளி அமைந்திருக்கும். பற்கள் உருள்வதோடு ஒன்றின்மேல் ஒன்று வழுக்கவும் செய்கின்றன. அந்த அழுத்தத்தைத் தாங்கக் கந்தகமும் பாஸ்பரசும் கலந்த ஜிஎல்-5 தர எண்ணெய் வேண்டும் (ஜிஎல் எண், கியர் எண்ணெய் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பதைக் காட்டும் தரக் குறியீடு). அதன் கெட்டித்தன்மை பல வண்டிகளுக்கு 80டபிள்யூ-90. அதே எண்ணெயை ஜிஎல்-4 கேட்கும் கியர்பாக்ஸில் ஊற்றினால் உள்ளேயிருக்கும் பித்தளை வளையங்கள் கெடக்கூடும். இரண்டு இடத்துக்கும் ஒரே பெயரை எழுதினால், படிப்பவர் ஒரே டப்பாவைத்தான் வாங்குவார். அதனால் 'பகிர்வி எண்ணெய்' தனியாக நிற்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன்.

சொல் வேலைக்கு ஆகுமா என்று பார்க்க ஒரு பத்தி எழுதியிருக்கிறேன்:

"வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். முதலில் நிரப்புதுளை மூடியைக் கழற்றுங்கள். அது துருப்பிடித்துக் கழலாமல் போனால், வடிதுளையைத் திறந்தபின் புது எண்ணெய் ஊற்ற வழியிருக்காது. விரலை விட்டுப் பாருங்கள். பகிர்வி எண்ணெய் துளையின் கீழ் விளிம்பு வரை இருக்க வேண்டும். வடிதுளை மூடியில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறப் பசை படிந்திருப்பது இயல்பு. நகத்தில் இடறும் இரும்புத் துணுக்கு இருந்தால் பல் உடைந்திருக்கலாம். எண்ணெய் பால் கலந்தது போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது."

அந்தத் தண்ணீர் பெரும்பாலும் பிரீதர், அதாவது அச்சுக்குள் காற்று வந்துபோகும் சிறு துளை, வழியாகத்தான் வரும். ஓடிச் சூடான அச்சு வெள்ளத்தில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கி, நீரை உறிஞ்சிக்கொள்ளும். பிரீதர் மண்ணில் அடைத்துக்கொண்டால் நேர்மாறு: உள்ளழுத்தம் ஏறி, சீல் வழியே எண்ணெய் கசியும். பிரீதருக்கு 'மூச்சுத்துளை' என்று எழுதியிருக்கிறேன். மறுப்பு இருக்காது என்று நம்புகிறேன்.

மீதி இருப்பது ஒன்று. ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றாதபடி உராய்வுத் தட்டுகள் வைத்த வகைக்கு என்ன பெயர்? அதன் எண்ணெயில் தனிச் சேர்மம் கலக்க வேண்டியிருப்பதால் கையேட்டில் தவிர்க்க முடியாது. 'வழுக்கல் தடுப்புப் பகிர்வி' என்றால் முழுவதும் தடுப்பதாகிவிடும்; குறைக்க மட்டுமே செய்கிறது. 'வழுக்கல் குறைப்புப் பகிர்வி' சரியாக இருக்குமா? பட்டறை அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், அந்தப் பத்தியை அதன்படி முடிக்கிறேன்.

அன்புடன்