யூ-கி-ஓ! மங்கா: இன்னும் மனசை விட்டுப் போகாத அந்த ஒரு மூவ்

ஆறாவது_அட்டை

வில்லன் மாரிக் மனசால் ஆட்டுவிக்கிற ஒரு ஆள், அதாவது மாரிக்கின் பொம்மை. அதோடு கதாநாயகன் யூகி மோதும் அட்டை ஆட்டம். முன்கதை எல்லாருக்கும் தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பொம்மையின் பக்கம் ஐந்து அட்டைகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு நிற்கின்றன. ஸ்லைஃபர் என்ற கடவுள் அட்டையின் பலம் கையிலிருக்கும் அட்டை ஒன்றுக்கு 1000. இன்ஃபினிட் கார்ட்ஸ் களத்தில் இருப்பதால் கையில் எத்தனை அட்டை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ஸ்லைஃபரை யாராவது தாக்கினால் ஜாம் டிஃபெண்டர் அந்த அடியை ரிவைவல் ஜாம் என்ற மான்ஸ்டர் மேல் திருப்பிவிடும். ஜாம் சிதறினாலும் உடனே திரண்டு எழும். எழும் ஒவ்வொரு தடவையும் கார்ட் ஆஃப் சேஃப் ரிட்டர்ன் மூன்று அட்டை கொடுக்கும். அதாவது ஸ்லைஃபருக்கு இன்னும் 3000. ஆக, அடிக்க அடிக்க வளர்கிற எதிரி. இது போதாதென்று அதற்கு இரண்டாவது வாய் வேறு: எதிராளி எந்த மான்ஸ்டரை இறக்கினாலும், யாரும் சொல்லாமலே 2000க்கு அடி விழும்.

யூகியின் போட்டியாளன் கைபா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான். யூகி தாக்குகிறான். எதிர்பார்த்தபடி ஜாம் குறுக்கே வந்து சிதறுகிறது. சிதறியது, ஆனால் இன்னும் எழவில்லை. சரியாக அந்த இடைவெளியில், எதிராளியின் மான்ஸ்டரைத் தன் பக்கம் இழுக்கிற பிரெயின் கண்ட்ரோலை யூகி போடுகிறான். அந்த ஒரு பேனல்தான் என்னை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

ஜாம் இப்போது யூகி பக்கம் எழுகிறது. ஸ்லைஃபரின் கணக்கில் அது எதிராளி இறக்கிய புது மான்ஸ்டர். இரண்டாவது வாய் திறந்து அடிக்கிறது. ஜாம் சிதறி மறுபடி எழுகிறது. எழுந்ததற்காகப் பொம்மை மூன்று அட்டை எடுக்கிறது. மறுபடி வாய் திறக்கிறது. டெக்கில் 24 அட்டை மிச்சம் என்று வைத்துக்கொண்டால் எட்டுச் சுற்று ஓடும். ஸ்லைஃபரின் பலம் 24000 கூடும். ஒன்பதாவது சுற்றில் எடுக்க அட்டை இருக்காது, ஆட்டம் முடிந்தது. அந்த ஐந்தில் ஒன்றைக்கூட யூகி உடைக்கவில்லை. ஐந்தும் சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்தன, அதனாலேயே பொம்மை தோற்றது. கடவுள் அட்டையின் பலம் உச்சத்தில் இருக்கும்போது தோல்வி வருகிறது என்பதை இவ்வளவு நேர்த்தியாக வேறெங்கும் பார்த்ததில்லை.

கியர்ஃபிரைட்1800

எனக்கு யூகியோட நண்பன் ஜோனோச்சி vs மாரிக் தான். ஷேடோ கேம், மான்ஸ்டர் அடிபட்டா ஆளுக்கும் வலிக்கும். மாரிக்கோட கடவுள் அட்டை ரா-வோட அடியை வாங்கிட்டு நிக்கிறான். யாருமே அப்படி நின்னதில்ல. கியர்ஃபிரைடை இறக்குறான், அட்டாக் 1800. எதிர்ல தடுக்க ஒண்ணுமே இல்ல, அந்த அடி விழுந்தா மாரிக் காலி. வாயைத் திறந்து “தாக்கு”னு சொல்லணும், அவ்வளவுதான். சொல்றதுக்குள்ள கீழ விழுந்துடுறான்.

மாரிக்கோட முகத்தைப் பாருங்க அந்தப் பக்கத்துல. ஜெயிச்ச முகம் இல்ல அது. ஒரு சாதாரண மனுஷன், கடவுள் அட்டை இல்லாதவன், தன்னை முடிச்சிருப்பான்னு அவனுக்குத் தெரியும்.

நாற்பதுக்கு_நாற்பது

@ஆறாவது_அட்டை அண்ணா, அந்தப் பேனல் அருமைதான். ஆனால் “சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்தன” என்பது மங்காவுக்குள் மட்டும்தான். அதே அட்டைகளை மேசையில் வைத்து ஆடிப் பார்க்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன், ஏனென்றால் புதிதாக வருகிற தம்பிகள் எல்லாரும் முதலில் கட்டப் பார்க்கிற டெக் இதுதான். விற்பனைக்கு வந்த அட்டைகளில் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் சங்கிலி நான்கு இடத்தில் அறுந்துபோகும்.

முதலில் ரிவைவல் ஜாம். அட்டாக் 1500, டிஃபென்ஸ் 500. மோதலில் அழிந்தால் 1000 லைஃப் பாயிண்ட் கட்டணும், கட்டினாலும் உடனே எழாது. உங்கள் அடுத்த டர்னின் தொடக்கக் கட்டமான ஸ்டாண்ட்பை ஃபேஸில்தான் வரும். அதனால் யூகி பிரெயின் கண்ட்ரோல் போடுகிற அந்த இடைவெளியே இங்கே கிடையாது. ஜாம் கிரேவ்யார்டில் (அழிந்த அட்டைகள் போகும் குவியலில்) கிடக்கும்போது பிரெயின் கண்ட்ரோலுக்குக் குறிவைக்க எதுவும் இல்லை. 800 கட்டிப் போடுகிற அட்டை அது, களத்தில் முகம் காட்டி நிற்கிற மான்ஸ்டர் வேண்டும்.

சரி, ஜாம் நிற்கும்போதே எடுத்துக்கொண்டால்? ஸ்லைஃபரின் இரண்டாவது வாய் திறக்காது. ஒரு மான்ஸ்டர் பக்கம் மாறுவது சம்மன் (களத்தில் இறக்குவது) ஆகாது. ஜாம் தானாகத் திரும்பி வந்தாலும் டிஃபென்ஸ் பொசிஷனில்தான் வரும், ஸ்லைஃபர் அட்டையோ அட்டாக் பொசிஷனில் இறங்குகிற மான்ஸ்டரை மட்டும்தான் தொடும். அதுவும் நேரடி அழிப்பு இல்லை: அட்டாக்கில் 2000 குறையும், குறைந்து பூஜ்யமானால் அழியும்.

கடைசியாக கார்ட் ஆஃப் சேஃப் ரிட்டர்ன். மங்காவில் மூன்று அட்டை, எடுத்தே ஆகணும். அச்சிட்ட அட்டையில் ஒன்றுதான், அதுவும் விரும்பினால் எடுக்கலாம் என்று இருக்கிறது. எடுக்க வேண்டாம் என்றால் டெக் காலியாகாது. அந்த ஒன்றே கூட மற்ற சேர்க்கைகளோடு சேர்ந்து அளவுமீறிப் போனதால்தான் அதைத் தடைப்பட்டியலில் போட்டார்கள்.

டெக்கைக் காலி செய்து ஜெயிக்க விரும்புகிறவர்களுக்கு என் யோசனை: கடவுள் அட்டையை மறந்துவிடுங்கள். எதிராளியைக் கட்டாயமாக எடுக்க வைக்கிற அட்டைகளை முதலில் தேடுங்கள். “எடுக்கலாம்” என்று எழுதியிருக்கிறதா, “எடுக்கவும்” என்று எழுதியிருக்கிறதா என்று ஒவ்வொன்றிலும் பாருங்கள். டெக் காலியானதும் தோல்வி வராது, எடுக்க வேண்டிய நேரத்தில் எடுக்க முடியாமல் போனால்தான் வரும். எனவே கடைசி அட்டை போன பிறகு அவருக்கு இன்னும் ஒரு டிரா வரும்வரை நீங்கள் உயிரோடு இருந்தாகணும். இதைக் கணக்கில் வைக்காமல் டெக் கட்டுகிறவர்கள் அந்த ஒரு டர்னில்தான் அடிவாங்குகிறார்கள்.

என்னுடைய பேனலா? கைபாவோடு கோபுர உச்சியில். ப்ளூ-ஐஸ் அல்டிமேட் டிராகன் எதிரே, டார்க் மெஜிஷியனும் பஸ்டர் பிளேடரும் சேர்ந்த டார்க் பாலடின். யூகி டி-ஃபியூஷன் போட்டு அல்டிமேட்டை மூன்று ப்ளூ-ஐஸாகப் பிரித்துவிட்டு, டிஃப்யூஷன் வேவ் மோஷனால் மூன்றையும் ஒரே வீச்சில் அடிப்பது.

குரிபோ300

மேசை ஆட்டத்தை வைத்து மங்காவை அளக்கவே கூடாது. முதலில் வந்த கடவுள் அட்டைகளை ஆட்டத்தில் சேர்க்கவே அனுமதி இல்லை. ஆட அனுமதித்த ஸ்லைஃபர் பல வருஷம் கழித்துத்தான் வந்தது, மற்ற அட்டைகளோடு ஒத்துப்போகிற மாதிரி அதைத் தணித்து எழுதினார்கள். இருந்தாலும், மங்காவுக்கு விதியே இல்லை என்று பேசுகிறவர்களோடும் நான் ஒத்துப்போக மாட்டேன். கதையின் முதல் பெரிய போட்டியான டூயலிஸ்ட் கிங்டம்வரை அப்படித்தான் இருந்தது, உண்மை. 2000 லைஃப் பாயிண்ட், எவ்வளவு பெரிய மான்ஸ்டரையும் பலி கொடுக்காமல் இறக்கலாம், கடல் பொங்கினால் கல் வீரனை விட்டு நிலவையே தாக்கச் சொல்லலாம். அடுத்த போட்டியான பேட்டில் சிட்டியில் அதெல்லாம் இறுகிவிட்டது: 4000 லைஃப் பாயிண்ட், பெரியவற்றுக்குப் பலி வேண்டும், கடவுளுக்கு மூன்று. பொம்மை ஆட்டம் அந்த இறுக்கத்துக்குள் நடக்கிறது. இரண்டாவது வாய் என்ன செய்யும் என்பதைத் தீர்வு வருவதற்கு வெகு முன்னாலேயே காட்டிவிட்டார்கள். வாசகன் நினைத்தால் தானே கண்டுபிடிக்கலாம்.

இத்தனையும் சொன்னாலும் என் மனசில் நிற்பது பழைய, விதி தளர்ந்த காலத்து ஆட்டம்தான். டூயலிஸ்ட் கிங்டமை நடத்தும் பெகசஸின் கோட்டை மேல்மாடத்தில் யூகி vs கைபா. கிரஷ் கார்ட் வைரஸ் யூகியின் டெக்கில் 1500உம் அதற்கு மேலும் உள்ள எல்லா மான்ஸ்டரையும் கொன்றுவிட்டது. எதிரே 4500 பலத்தில் அல்டிமேட் டிராகன். மிச்சமிருக்கும் சின்னதுகளை வைத்து யூகி அதை எப்படிச் சமாளிக்கிறான் என்று கவனியுங்கள். 300 பலமுள்ள குரிபோவை மல்டிப்ளை போட்டுப் பெருக்குகிறான், மூன்று தலையும் அடிக்க அடிக்கச் சுவர் குறையவே இல்லை. பிறகு 1200 பலமுள்ள மேமத் கிரேவ்யார்டைக் கொண்டுபோய் எதிரியின் டிராகனோடு ஃபியூஷன் செய்கிறான்! சேரக்கூடாத இரண்டைச் சேர்த்ததில் டிராகன் அழுகத் தொடங்குகிறது. வைரஸ் விட்டுவைத்த அற்ப அட்டைகள்தான் ஆட்டத்தைத் திருப்புகின்றன.

அப்போதுதான் கைபா மதில் விளிம்பில் ஏறி நிற்கிறான். “தாக்கு, அதிர்ச்சியில் நான் கீழே விழுவேன்” என்கிறான். எந்த அட்டையிலும் எழுதாத மூவ் அது. யூகியின் உடம்பில் குடியிருக்கும் ஆவியான மற்ற யூகி தாக்கத் துணிகிறான், உள்ளிருக்கும் யூகி தடுக்கிறான். ஒரே உடம்பில் இரண்டு பேர் ஒரு கட்டளைக்காகச் சண்டை போடுகிறார்கள். அந்தத் தோல்விக்குப் பிறகு தன் மற்ற பாதியைப் பார்த்தே யூகி பயப்படுகிறான். அந்தப் பயம் தீர்ந்த பிறகுதான் பெகசஸ் ஆட்டத்தில் இருவரும் மாறி மாறி முன்னால் வந்து, மனசைப் படிக்கிற மில்லேனியம் ஐயை ஏமாற்ற முடிகிறது.

ஓரம்_சீவியவன்

யூகி vs பாண்டோரா. கால்களில் விலங்கு, லைஃப் பாயிண்ட் குறையக் குறைய ரம்ப வட்டு நெருங்கி வரும். இரண்டு பக்கமும் டார்க் மெஜிஷியன். பாண்டோரா தன் அட்டைகளின் ஓரத்தைச் சீவி வைத்திருக்கிறான், வேண்டியபோது மெஜிஷியன் கைக்கு வருவதற்காக. அந்தச் சீவிய ஓரம்தான் என்னைத் தூங்கவிடாதது. அட்டையை நம்பி ஆடுகிறவனுக்கும் அட்டையை வெட்டுகிறவனுக்கும் நடுவில்தான் மொத்த ஆட்டமும்.

இதைக் கற்பனை என்று நினைக்காதீர்கள், சீட்டாட்ட மோசடியில் இது மிகப் பழைய வேலை. யூ-கி-ஓ! அட்டை 59க்கு 86 மில்லிமீட்டர். நீள ஓரத்தில் மயிரிழை அளவு குறைத்தால் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். டெக்கை இரண்டு பக்கமும் பிடித்துத் தடவினால், மற்றவை குறுகியிருக்க ஒன்று மட்டும் அகலமாக இருந்தால் அது விரலில் தட்டும். அந்த இடத்தில் வெட்டி எடுத்து மேலே வைத்தால் வேலை முடிந்தது. குலுக்கினாலும் மாறாது, ஏனென்றால் அடையாளம் இடத்தில் இல்லை, அட்டையிலேயே இருக்கிறது.

பரிசு வைத்து ஆடும்போது இதைச் செய்யுங்கள். எதிராளியின் டெக்கை வாங்கினால் மேலோட்டமாக ஒரு வெட்டு வெட்டித் திருப்பிக் கொடுக்காதீர்கள், நீங்களே முழுதாகக் குலுக்குங்கள். கொடுத்த பிறகு அவர் மறுபடி தொட்டு வெட்டக்கூடாது. கடைசிக் கை உங்களுடையதாக இருக்கட்டும். டெக்கைச் செங்குத்தாக நிறுத்தி மேசையில் தட்டி, நான்கு பக்கத்தையும் வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். கோடு போல வெளியே நீட்டிக்கொண்டிருப்பதோ உள்ளே போயிருப்பதோ இருந்தால் நடுவரைக் கூப்பிடுங்கள், நீங்களே குற்றம் சாட்டாதீர்கள். உறை போட்டிருந்தால் அட்டையின் ஓரம் விரலுக்கு எட்டாது என்பது சரி. 62க்கு 89 அளவு உறைதான் இதற்குப் பொருந்தும். ஆனால் உறையே அடையாளம் ஆகலாம்: முக்கியமான அட்டைகளுக்கு மட்டும் புது உறை, மற்றதுக்குப் பழசு என்று இருந்தால் அதுவும் சீவிய ஓரம்தான். பாதி ஆட்டத்தில் ஒரு உறை கிழிந்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். நேர்மையான ஆளுக்கும் சந்தேகம் வரும், மொத்தத்தையும் மாற்றுங்கள்.

கியர்ஃபிரைட்1800

@ஓரம்_சீவியவன் நண்பா, பாண்டோராவுக்கு நாலு வரி, உறைக்கு ஒரு பக்கமா? டார்க் மெஜிஷியன் கேர்ள் முதல்முதலா வர்ற ஆட்டம் அது. ரெண்டு மெஜிஷியனும் கிரேவ்யார்டுல கிடக்க, அவங்க பலத்தை வாங்கிக்கிட்டு அவ எழுந்து வர்றா. அதைச் சொல்லாம எப்படிங்க விட்டீங்க?

பொற்பேழை

எல்லாரும் கடவுள் அட்டையைச் சுற்றியே பேசுகிறீர்கள். எனக்குக் கடைசி ஆட்டம்தான், யூகி vs ஆட்டெம். மற்ற யூகியின் உண்மைப் பெயர்தான் ஆட்டெம்.

யூகி ஆட்டத்துக்கு நடுவில் கோல்ட் சார்க்கோபகஸைப் போட்டு உள்ளே ஒரு அட்டையைப் பூட்டுகிறான். என்ன அட்டை என்று யாருக்கும் காட்டவில்லை. உள்ளே இருக்கிற அதே அட்டையை எதிராளி போட்டால் அது செல்லாது. நாற்பது அட்டையில் ஒன்றைத்தான் பூட்ட முடியும், தப்பாகப் பூட்டினால் பேழை சும்மா கிடக்கும். இதில் யூகி எந்தத் தகவலை வைத்து முடிவெடுத்தான் என்பதுதான் விஷயம். கைபாவோடு நடந்த முதல் மோதலை, 1996இல் கதை தொடங்கிய புதிதில் வந்த அத்தியாயத்தை, எடுத்துப் பாருங்கள். தாத்தாவின் ப்ளூ-ஐஸ் கைபாவுக்குக் கட்டுப்படாமல் அழிந்ததும், மற்ற யூகி மான்ஸ்டர் ரீபார்ன் போட்டு அதைத் தன் பக்கம் எழுப்பி ஜெயிப்பான். நெருக்கடி வந்தால் அவன் கை போகிற அட்டை அதுதான் என்பதை அத்தனை ஆட்டத்திலும் உள்ளிருந்து பார்த்தவன் யூகி ஒருவன்தான்.

ஸ்லைஃபர் விழுகிறது. ஆட்டெம் மான்ஸ்டர் ரீபார்னை எடுக்கிறான். பேழை திறக்கிறது, உள்ளே மான்ஸ்டர் ரீபார்ன்.

ஆட்டெம் இறந்துபோனவன், திரும்பிப் போக வேண்டியவன். இறந்ததை எழுப்புகிற அட்டையைத்தான் யூகி பூட்டி வைத்திருக்கிறான். அதற்கு மேல் சைலண்ட் மெஜிஷியனின் அடி வெறும் கணக்குத் தீர்ப்புதான்.

@நாற்பதுக்கு_நாற்பது கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: விற்பனைக்கு வந்த கோல்ட் சார்க்கோபகஸ் எதையும் செல்லாமல் ஆக்காது. டெக்கிலிருந்து ஒரு அட்டையை ஒதுக்கி வைத்து, போட்ட பிறகு வரும் உங்கள் இரண்டாவது ஸ்டாண்ட்பை ஃபேஸில் கைக்குக் கொடுக்கும்.

நாற்பதுக்கு_நாற்பது

ஆமாம் அண்ணா, அதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: அந்த இரண்டு டர்ன் காத்திருப்பதை விட, ஒதுக்கி வைக்கப்பட்டாலே வேலை செய்கிற அட்டையை அதில் போடுவதுதான் லாபம். பெரும்பாலான டெக்கில் அதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஆறாவது_அட்டை

@குரிபோ300 சொன்ன நிலவு ஆட்டத்தைப் பற்றி யாராவது விரிவாக எழுதுங்கள். முழுநிலவு அட்டையைப் போட்டது யூகிதான், அதனால்தான் கடல் பொங்கி எதிராளி கஜிகியின் களம் பெருகியது. தன் அட்டையைத் தானே தாக்கச் சொல்வது அங்கேயே தொடங்கிவிடுகிறது.