அட்டையில் வந்த வசனமும் கரையில் எரிந்த கரிநெருப்பும்: தனியே வேதம் வாசிப்பது பற்றி ஒரு விவாதம்

பாறசாலை ஆசிரியர்

கடந்த டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையிலும் எங்கள் சபையில் புது வருஷத்துக்கென்று ஒரு வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை கொடுத்தார்கள். தட்டில் கவிழ்த்து வைத்திருந்ததில் ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டு முகம் மலர்ந்து வீட்டுக்குப் போனார்கள். நான் எடுக்கவில்லை. ஏன் என்று மூன்று பேர் கேட்டார்கள். ஆலய வாசலில் நின்று சொல்லி முடிக்கிற காரியம் அல்ல. அதனால் இங்கே எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எனக்கு வந்த அட்டையில் எரேமியா 29:11 இருந்தது. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." என் மனைவிக்கு அப்போது சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. அந்த அட்டையை அவள் கட்டிலுக்கு எதிரே சுவரில் ஒட்டினேன். காலையில் அதையே வாசித்தேன், அதையே தியானித்தேன், அதையே சொல்லி ஜெபித்தேன். ஜூன் மாதம் அவள் போய்விட்டாள். அதன்பின் இரண்டு ஆண்டு நான் வேதத்தைத் திறக்கவில்லை. தேவன் எனக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டார் என்றே நம்பினேன்.

பிறகு ஒருநாள் அதே அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசித்தேன். அது ஒரு கடிதம். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதியது. வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவையுங்கள் என்கிறது. பதினோராம் வசனத்துக்கு நேர் மேலே எழுபது வருஷம் என்று கணக்கு இருக்கிறது. அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பாமல் பாபிலோனிலேயே கண்மூடியிருப்பார்கள். வாக்கு பொய்யல்ல. அந்த உறையின் மேல் என் விலாசத்தை எழுதிக்கொண்டவன் நான்.

ஆகவே சொல்கிறேன். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு வசனத்தை எடுத்து, இன்று தேவன் எனக்கு என்ன சொல்கிறார் என்று கேட்பதை வேதபாடம் என்று அழைக்காதீர்கள். தேவ அன்பைத் தியானிக்கிறோம் என்று நம் ஆசையைத்தான் தியானிக்கிறோம். எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் தனியே ஏசாயாவை வாசித்துக்கொண்டு போனான். வாசிப்பதன் கருத்து தெரியுமா என்று பிலிப்பு கேட்டபோது, ஒருவன் தெரிவிக்காவிட்டால் எனக்கு எப்படித் தெரியும் என்றான். 1806இல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்த நாளில் நம் முன்னோர் பெரும்பாலோருக்கு எழுத்தே தெரியாது. ஒருவர் வாசிக்க ஊரே கேட்டது. அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டு ஆளுக்கொரு அட்டையோடு பிரிந்துபோகிறோமே என்பதுதான் என் வருத்தம்.

கொழிஞ்சாம்பாறைத் தோழன்

ஐயா, உங்கள் துக்கம் புரிகிறது. ஆனால் ரோமர் 8:28ஐ மறக்க வேண்டாம். தேவனிடத்தில் அன்புகூருகிறவர்களுக்குச் சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது. உங்கள் இழப்பிலும் அவருடைய அன்பின் திட்டம் இருக்கும்.

வள்ளவிளைக் கடலோடி

தோழரே, இந்தப் பேச்சைத் தயவுசெய்து எங்கள் கரைக்குக் கொண்டுவராதீர்கள்.

2017 நவம்பர் கடைசியில் ஓக்கிப் புயல் வந்தபோது என் அண்ணன் கடலில் இருந்தார். படகும் வரவில்லை, உடலும் வரவில்லை. நீரோடி தொடங்கி இரயுமன்துறை வரை எங்கள் எட்டு ஊரிலும் ஒப்பாரி. அந்த வாரத்தில் வீட்டுக்கு வந்தவர்களில் எத்தனை பேர் நீங்கள் சொன்ன அதே வசனத்தை அம்மாவிடம் சொன்னார்கள் தெரியுமா? அம்மா பதில் சொல்லவில்லை. இரவில் வாசற்கதவைத் தாழிடாமல் விட்டார்கள், அவ்வளவுதான். மகன் திரும்பி வந்தால் தட்டவேண்டியிருக்கக் கூடாதாம். பல மாதம் அப்படியே கிடந்தது அந்தக் கதவு.

நாங்கள் கத்தோலிக்கர். மாநிலம் தமிழ்நாடு என்றாலும் எங்கள் மறைமாவட்டம் திருவனந்தபுரம். அன்பியம் என்கிற எங்கள் அக்கம்பக்கத்துச் செபக் கூட்டத்தில் ஒரு மாலை, முன்னேற்பாடு எதுவும் இல்லாமல், வயதான ஒரு அம்மா திருப்பாடல் 88ஐ வாசித்தார்கள். உம் அலைகள் எல்லாவற்றாலும் என்னை வருத்துகிறீர் என்று கடவுளைப் பார்த்தே சொல்கிற பாடல் அது. ஆறுதல் வரி எதுவும் இல்லாமல் இருளிலேயே முடிகிறது. வாசித்து முடித்ததும் யாரும் விளக்கம் சொல்லவில்லை. என் அம்மா அன்றுதான் வாய்விட்டு அழுதார்கள்.

ஆசிரியர் ஐயா, ஒருவர் வாசிக்கப் பலர் கேட்பது பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அந்த அம்மாவுக்கு அந்தப் பாடல் எப்படித் தெரியும்? கணவரைக் கடலுக்குக் கொடுத்தவர்கள் அவர்கள். தனியே படித்துப் படித்துத்தான் அதைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள்.

தேயிலைமலை

ஆசிரியர் சார், நான் மூணாறு பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவள். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. காலை நான்கரைக்கு எழுந்து அடுப்பு மூட்டிய பின், வேலைக்குப் புறப்படும்வரை வேதம் வாசிக்கிறேன். லயத்தில் கதவைச் சாத்திக்கொள்ள எனக்குத் தனி அறை கிடையாது. ஆனாலும் அது எனக்கும் தேவனுக்கும் மட்டுமான நேரம். அதை வீண் என்று நீங்கள் சொன்னபோது மனம் வலித்தது.

அட்டை எடுக்கும் வழக்கம் எனக்கும் இல்லை. அதிகாரம் அதிகாரமாகவே வாசிக்கிறேன். போன ஜனவரியில் யோவான் சுவிசேஷம் முடியும் தறுவாயில் இருந்தேன். எங்கள் மலையில் அந்த மாதம் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். பழைய தகரச் சட்டியில் கரி போட்டுக் குளிர்காய்ந்துகொண்டே இருபத்தோராம் அதிகாரத்தை வாசித்தேன். சீஷர்கள் கரையேறினபோது "கரிநெருப்புப் போட்டிருக்கிறதையும், அதின்மேல் மீன் வைத்திருக்கிறதையும்" கண்டார்கள் என்று இருந்தது. இந்தக் கரிநெருப்பை எங்கேயோ முன்னால் பார்த்தேனே என்று பின்னோக்கிப் புரட்டினேன். பதினெட்டாம் அதிகாரத்தில் இருந்தது. பிரதான ஆசாரியன் வீட்டு முற்றத்தில் கரிநெருப்புண்டாக்கிக் குளிர்காய்ந்தவர்களோடு பேதுருவும் நின்றான். அங்கே நின்றுதான் ஆண்டவருடைய சீஷன் அல்ல என்று மறுதலித்தான்.

கரி எரிகிற வாசனை பழைய நாளை அப்படியே கொண்டுவந்து நிறுத்திவிடும் என்பது குளிர்ப்பிரதேசத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும். பேதுரு ஈர உடையோடு கரையேறி வந்தபோது அந்த வாசனை அவன் மூக்கில் ஏறியிருக்கும். தான் எங்கே தவறினானோ அதே இடத்துக்கு வந்ததுபோல் இருந்திருக்கும். ஆண்டவர் அந்தக் குற்றத்தை வாயால் சொல்லவே இல்லை. நெருப்பைப் போட்டுவைத்து, மீனும் சுட்டுவைத்து, "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்றார். அன்றைக்கு நான் கொழுந்துக் கூடையோடு அழுதுகொண்டே மலையேறினேன். இதை எனக்கு எந்தப் போதகரும் சொல்லித்தரவில்லை.

இன்னொன்றும் கண்டேன். "என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா" என்று ஆண்டவர் இரண்டுமுறை கேட்கிறார். "உம்மை நேசிக்கிறேன்" என்றே பேதுரு பதில் சொல்கிறான். மூன்றாம் முறை ஆண்டவரே "என்னை நேசிக்கிறாயா" என்று சொல்லை மாற்றுகிறார். பேதுருவால் ஏறமுடிந்த படிக்கு அவர் இறங்கிவந்தார் என்று எனக்குப் பட்டது.

களியக்காவிளை மாணவன்

அக்கா, நான் இறையியல் படிக்கிறேன். நீங்கள் கண்ட கரிநெருப்பு உண்மையான கண்டுபிடிப்பு. புதிய ஏற்பாடு முழுவதிலும் அந்தக் கிரேக்கச் சொல் இந்த இரண்டு இடங்களில் மட்டுமே வருகிறது.

ஆனால் இரண்டாவது விஷயத்தில் நான் உங்களோடு மாறுபடுகிறேன். கிரேக்கத்திலும் அங்கே இரண்டு வினைச்சொற்கள் இருப்பது உண்மைதான். அதைத்தான் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் கவனமாகப் பிரித்துக் காட்டினார்கள். ஆயினும் யோவான் அந்த இரண்டையும் பல இடங்களில் ஒரே பொருளில் கையாளுகிறார். 3:35இல் பிதா குமாரனில் அன்பாயிருப்பதாகச் சொல்லும்போது ஒரு சொல், 5:20இல் அதையே சொல்லும்போது மற்றச் சொல். தமிழில் இரண்டு இடத்திலும் "அன்பாயிருந்து" என்றே இருக்கிறது. பிதாவின் அன்பு 5:20இல் ஒரு படி குறைந்துவிட்டது என்று யாரும் சொல்லமாட்டோம். எனவே ஒன்று உயர்ந்த அன்பு, மற்றது தாழ்ந்த அன்பு என்று பிரிப்பதைப் பல அறிஞர்கள் ஏற்பதில்லை.

இதனால்தான் ஆசிரியர் ஐயாவின் பக்கம் சாய்கிறேன். தனியே வாசிக்கும்போது நெஞ்சைத் தொடுவதெல்லாம் வசனத்தில் இருப்பதாகவே தோன்றிவிடும். உண்மையில் நாம் ஒருபோதும் தனியே வாசிப்பதும் இல்லை. நம் கையில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பு ஹென்றி பவர் தலைமையில் ஒரு குழு உழைத்து 1871இல் வெளிவந்தது. "நேசிக்கிறேன்" என்ற சொல்லை உங்களுக்கு எடுத்துக் கொடுத்தது அந்தக் குழு.

கடலோடி அண்ணன் சொன்ன திருப்பாடலுக்கும், அதாவது நம் 88ஆம் சங்கீதத்துக்கும், ஒரு குறிப்பு. பழைய மொழிபெயர்ப்பில் அதன் கடைசி வரி "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்று முடிகிறது. எபிரேயத்தில் கடைசிச் சொல் இருள் என்பதே.

பாறசாலை ஆசிரியர்

தம்பி சொன்னதைத்தான் நானும் சொல்ல விரும்பினேன். மகளே, உன் கண்ணீரை நான் மதிக்கிறேன். நீ வாசிப்பது வீண் என்று நான் எழுதவில்லை. அப்படித் தொனித்திருந்தால் பொறுத்துக்கொள். ஆனால் கவனித்துப் பார். நெருப்பைக் கண்டுபிடித்த அதே காலையில், அதே கண்ணீரோடுதான் அந்தச் சொல் வேறுபாட்டையும் கண்டாய். இரண்டும் உனக்கு ஒரே உறுதியோடு வந்தன. ஒன்று நின்றது, ஒன்று ஆட்டம் காண்கிறது. எது நிற்கும் எது ஆடும் என்று அந்த நேரத்தில் உனக்குத் தெரிய வழியில்லை. எனக்கும் அப்படித்தான் இருந்தது, சுவரில் அட்டையை ஒட்டினபோது. வேதத்திலுள்ள எந்தத் தீர்க்கதரிசனமும் சுயதோற்றமான பொருளையுடையதல்ல என்று பேதுருவே தன் இரண்டாம் நிருபத்தில் எழுதுகிறார்.

தேயிலைமலை

சார், தம்பி சொன்ன இரண்டு வசனத்தையும் எடுத்துப் பார்த்தேன். அவர் சொல்வது சரி. படி இறங்கி வந்தார் என்று இனிச் சொல்லமாட்டேன்.

அதை விட்டுக்கொடுத்த பின்னும் என் கையில் மிச்சம் இருப்பதைச் சொல்லவேண்டும். மூன்றுமுறை மறுத்தவனிடம் மூன்றுமுறை கேட்டார். மூன்றாம் முறை பேதுரு துக்கப்பட்டான். அந்தத் துக்கத்தை அவர் தடுக்கவில்லை, அதோடு அவனை விட்டுவிடவும் இல்லை. "என் ஆடுகளை மேய்ப்பாயாக" என்று வேலை கொடுத்தார். இதற்குக் கிரேக்கம் வேண்டியதில்லை.

தனியே வாசிக்கிறேன் என்று எழுதினதிலும் ஒரு திருத்தம். என் மகள் மலையாளப் பள்ளியில் படிக்கிறாள். தமிழ் பேசுவாள், வாசிக்க வராது. அவள் எழுந்துவிட்டால் அவளுடைய மலையாள வேதமான சத்தியவேதபுஸ்தகத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருவாள். அன்று அவளை வாசிக்கச் சொன்னபோது, ஆண்டவர் "சிநேகிக்குன்னுவோ" என்று கேட்க, பேதுரு "பிரியமுண்டு" என்கிறான். மூன்றாம் முறை ஆண்டவரும் "பிரியமுண்டோ" என்கிறார். எங்கள் இரண்டு புத்தகமும் ஒன்றுபோலவே சொன்னதால்தான் அவ்வளவு உறுதியாக நம்பினேன். நான் ஆசைக்காக வளைத்தேன் என்று நினைக்கவேண்டாம் சார்.

சபைக்கு நான் போகிறேன். ஞாயிறு தவறியதில்லை. ஆனால் அங்கே எழுந்து நின்று கரிநெருப்பைப் பற்றிச் சொல்ல எனக்கு யார் இடம் கொடுப்பார்கள்? உங்களைப் போல் படித்தவர்கள் கூடி வாசிக்கச் சொல்கிறீர்கள். கூடினால் பேசுவது நீங்கள், கேட்பது நாங்கள். அதிகாலையில் மட்டும்தான் நானும் ஏதாவது கண்டுபிடிக்கிறேன்.

பாறசாலை ஆசிரியர்

இதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. நாற்பது ஆண்டு ஓய்வுநாள் பாடசாலை நடத்தினேன். கேள்வி கேட்டதெல்லாம் நான்தான்.

வள்ளவிளைக் கடலோடி

அக்கா, அந்த அதிகாரம் எங்கள் தொழிலைப் பற்றியது. அதனால் ஒரு வார்த்தை.

இரவு முழுக்க வலை போட்டு ஒன்றும் கிடைக்காமல் திரும்புகிறவனின் முகத்தை நான் தினமும் பார்க்கிறேன். கடனுக்கு டீசல் போட்டவன் கரையில் நிற்பவர்களைப் பார்க்காமலே தலை குனிந்து இறங்குவான். அப்படி வருகிறவர்களுக்கு அங்கே நெருப்பும் மீனும் முன்பே இருக்கிறது. அவர்கள் பிடித்ததைக் கொண்டுவரச் சொல்வதற்கு முன்பே இருக்கிறது. சாப்பிட்டு முடித்த பிறகுதான் கேள்வி. நீங்கள் எழுதியதை வாசித்த பின்பு போய்ப் பார்த்தேன், "போஜனம்பண்ணின பின்பு" என்றே உங்கள் மொழிபெயர்ப்பிலும் இருக்கிறது. பசித்தவனிடம் அவர் கணக்குக் கேட்கவில்லை.

இறையன்பு என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் கோபம்தான் வருகிறது. ஆனால் இந்த மீனை என்னால் ஏற்றுக்கொள்ள முடிகிறது.

கொழிஞ்சாம்பாறைத் தோழன்

கடலோடி அண்ணா, நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது. மன்னிக்க வேண்டும்.

களியக்காவிளை மாணவன்

அண்ணா, கோபத்தோடு வாசிக்க ஓசியா பதினோராம் அதிகாரம் இருக்கிறது. எப்பிராயீமை, அதாவது இஸ்ரவேல் ஜனத்தை, கைபிடித்து நடக்கப் பழக்கினேன் என்கிற தேவன், தம்மை விட்டுப்போன பிள்ளையைப் பார்த்து, "நான் உன்னை எப்படிக் கைவிடுவேன்" என்று தாமே கலங்குகிறார். "என் இருதயம் எனக்குள் குழம்புகிறது" என்று எட்டாம் வசனம். உங்கள் அம்மாவின் தாழிடாத கதவைப் பற்றி வாசித்தபோது எனக்கு இந்த அதிகாரம்தான் நினைவுக்கு வந்தது. விளக்கம் எதுவும் எழுதமாட்டேன்.

தேயிலைமலை

நாளைக் காலை நானும் மகளும் அந்த அதிகாரத்தை வாசிக்கிறோம். எட்டாம் வசனத்தை முதலில் மலையாளத்தில் வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். சார், நீங்களும் வாசித்து, நாங்கள் தவறாகப் பிடித்துக்கொண்டால் சொல்லுங்கள்.

பாறசாலை ஆசிரியர்

எட்டாம் வசனத்தில் தொடங்க என்னால் முடியாது, மகளே. ஓசியாவை முதலாம் அதிகாரத்திலிருந்து தொடங்குகிறேன். நாளுக்கு ஓர் அதிகாரம் என்றால் பதினொன்றுக்கு வந்துசேர எனக்குப் பதினோரு நாள் ஆகும். நீங்கள் இருவரும் முதலில் எழுதுங்கள். நான் வாசித்துக் கேட்டுக்கொள்கிறேன்.