காற்றும் ஸ்னோவுமாக அடித்த நாளில் மான் கண்டவர்கள் எழுதுங்கள்

கரம்பன்
போன நவம்பர், துவக்கால் மான் வேட்டையாடும் சீசன், ஒன்ராறியோவில் பாரி சவுண்டுக்கு வடக்கே. ஹூரன் ஏரியின் ஜோர்ஜியன் பே பக்கமிருந்து காற்று. அந்த ஏரிக் காற்று கொண்டுவந்து கொட்டுகிற ஸ்னோவைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. கூட வந்தவர்கள் விடிந்து கொஞ்ச நேரத்திலேயே கொட்டேஜுக்குத் திரும்பிவிட்டார்கள். நான் மட்டும் ஒரு ஹெம்லொக் மரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு இருந்தேன். என்னிடம் இருந்தது கொம்பு மான் டாக் (சுடுவதற்கான அனுமதிச் சீட்டு) மட்டும். கொம்பில்லாததுக்குக் குலுக்கலில் விழவில்லை.

காற்று வரும் பக்கமிருந்தே ஒன்று வந்தது. என் மணம் அதற்குப் போக வழியில்லை. தலையைத் தாழ்த்தி, காதுகளைப் பின்னால் படிய வைத்துக்கொண்டு, பதினைந்தடிக்குள் வந்து நின்றுவிட்டது. முதுகில் இரண்டு விரல் தடிப்புக்கு ஸ்னோ, கொஞ்சமும் உருகாமல். இமை மயிரில் ஐஸ். இரண்டு காதுக்கும் நடுவில் வெள்ளையாக ஏதோ துருத்திக்கொண்டு நின்றது. கொம்பு முளையில் ஸ்னோ ஒட்டியிருக்கிறதா, வெறும் ஸ்னோக் கட்டியா? மூன்று அங்குலம் இருந்தால்தான் கொம்பு மான் கணக்கு. துவக்கின் ஸ்கோப் கண்ணாடி முழுக்க ஸ்னோ அப்பிப்போய்க் கிடந்தது. துவக்கு மடியில்தான், எடுக்கவே இல்லை. அது என்னைப் பார்த்தது, ஆனால் ஆள் என்று பிடிபட்ட மாதிரித் தெரியவில்லை. ஒருதரம் தலையை உலுப்பியது. சரி, இப்போது தெரிந்துவிடும் என்று பார்த்தால் அந்த நேரம் பார்த்து ஒரு பெருவீச்சு. கண்ணைத் திறந்தபோது ஆளில்லை.

அது கலைமானா, பிணைமானா? இன்னும் மண்டைக்குள் குடைகிறது.

மதுரைக்காரன் மிஷிகன்
அண்ணே, சுடாமல் விட்டீங்களே, அதுவே பெரிய விஷயம். முதுகில் ஸ்னோ உருகாததற்குக் காரணம் அதன் குளிர்கால ரோமம். ஒவ்வொரு மயிரும் உள்ளே காலி, குழாய் மாதிரி. உடம்புச் சூடு வெளியே வராது.

என் கதை மிஷிகனின் அப்பர் பெனின்சுலா. எங்களுக்கு நவம்பர் 15 துப்பாக்கி வேட்டை தொடங்கும் நாள், தேதி மாறாது. சுப்பீரியர் ஏரி அன்றைக்கு எல்லாவற்றையும் எங்கள் தலையில் கொட்டியது. சாயங்காலம், வெளிச்சம் போகிற நேரம், முப்பது-முப்பது துப்பாக்கி, ஐம்பது கஜம். அடி விழுந்தது தெரியும். ஓடி சீடர் மரச் சதுப்புக்குள் புகுந்துவிட்டது. "அரை மணி நேரம் விடு, படுக்கட்டும்" என்றார் கூட வந்தவர். சாதாரண நாளில் அது சரிதான். இந்தக் காற்றில் அரை மணி நேரம் விட்டால் தடம் என்று ஒன்று மிச்சமிருக்குமா? சண்டை போட்டுக்கொண்டே கிளம்பினேன்.

இரத்தத்தை மேலே தேடக் கூடாது. தலை விளக்கு போட்டு, முழங்காலில் ஊர்ந்து, கையுறையின் ஓரத்தால் மேல் ஸ்னோவைத் தள்ளிக்கொண்டே போனேன். அடியில் ரோஸ் கலரில் தெரிகிறது, ரோஸ் பொடி தூவின கோலம் மாதிரி. அடுத்த இடத்தில் தள்ளினால் ஒன்றுமில்லை. திரும்பிப் போய் வேறு பக்கம் தள்ளினேன். கடைசியில் கையில் தட்டுப்பட்டது குளம்பு. மான் முழுக்க மூடிவிட்டது. ஒரு கால் மட்டும் வெளியே.

பறாளை
கரம்பன் அண்ணை, குறை நினைக்க வேண்டாம். அவ்வளவு காற்றில் மான் தானாக நடக்காது. புயல் வருவதற்கு முதல் நாள் மேயும், ஓய்ந்த பிறகு மேயும். நடுவில் ஹெம்லொக், சீடர் அடர்ந்த இடத்தில் காற்றுக்கு முதுகைக் கொடுத்துப் படுத்துக்கிடக்கும். முதுகுப் பக்கத்தை மூக்கு பார்த்துக்கொள்ளும், முன்பக்கத்தைக் கண் பார்த்துக்கொள்ளும். உங்கள் ஆட்கள் கொட்டேஜுக்குப் போகிற வழியில் கிளப்பிவிட்டிருப்பார்கள்.

அப்புறம், தனியாக இருந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. 1940 நவம்பர் 11 தெரியும்தானே? மினசோட்டாப் பக்கம் காலையில் நவம்பருக்கு இதமான சூடு. வாத்து வேட்டைக்கு மெல்லிய ஜாக்கெட்டோடு போனவர்கள். மதியத்துக்குப் பிறகு காற்றும் பனிப்புயலும். மினசோட்டாவில் மட்டும் 49 பேர் செத்தார்கள், அதில் பாதிப்பேர் அளவில் வாத்து வேட்டைக்காரர்கள். அதனால் சொல்கிறேன்: உள்ளே கம்பளி, பருத்தி வேண்டவே வேண்டாம். நடக்கும்போது வியர்க்க விடாதீர்கள், மேல் ஜாக்கெட்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய், இருந்த பிறகு போடுங்கள். வேட்டைக்காரர் போடும் ஆரஞ்சு உடுப்பு 400 சதுர அங்குலம் இருக்க வேண்டும், அது சட்டம். அதன்மேல் ஸ்னோ படிந்தால் நீங்களும் வெள்ளை, தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஃபோனை நம்ப வேண்டாம், குளிரில் பட்டரி படுத்துவிடும், கழுத்தில் திசைகாட்டி. ஸ்கோப்புக்கு இலாஸ்டிக் மூடி. கண்ணாடியில் மூச்சு விட்டுத் துடைக்கவே கூடாது, அப்படியே உறைந்துவிடும். கொம்பு பார்க்க ஸ்கோப்பைத் தூக்குவதே பிழை. அதற்கு பைனாகுலர் இருக்கிறது. அதைச் சட்டைக்குள் வைத்திருங்கள்.

நான் கண்டதா? ஹலிபேர்ட்டனில் ஒன்று, தூரத்தில், ஒரு நொடி. அவ்வளவுதான்.

கரம்பன்
தம்பி பறாளை, எங்கள் ஆட்கள் போனது எனக்குப் பின்பக்கமாக. அது வந்தது முன்பக்கம். அவர்கள் கிளப்பியிருக்க வழியில்லை. எனக்கென்னவோ அது லோரிங் பக்கம் குளிர்காலத்துக்கு இறங்குகிற கூட்டத்தில் ஒன்று என்று படுகிறது. அங்கேதானே அத்தனை மானும் போய் ஒதுங்கும்?

பதினைந்தடியில் பைனாகுலரா?

மதுரைக்காரன் மிஷிகன்
நவம்பரிலேயே இறங்குமா? ஸ்னோ முழங்கால் அளவு ஏறினால்தான் மானுக்கு அந்த எண்ணமே வரும். ஓநாய் ஏதும் விரட்டியிருக்கலாம். பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்ததா?

சுழிபுரத்தாள்
மனிட்டூலின் தீவு. மாப்பிள் கொப்பு ஒன்று காற்றில் முறிந்து விழுந்தது, வெடி வைத்த சத்தம். விழுந்த இடத்துக்கு அருகே படுத்திருந்த மான் எழும்பி அந்தப் பக்கம் ஓடாமல் என்னை நோக்கி ஓடி வந்தது. என் பூட்ஸில் அது கிளப்பிய ஸ்னோ விழுந்தது. அந்தக் காற்றில் சத்தம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று மானுக்கே தெரியவில்லை. எனவே பறாளை அண்ணை, புயலில் மான் இப்படித்தான் செய்யும், அப்படித்தான் செய்யும் என்று சட்டம் எழுத வேண்டாம்.

கரம்பன் அண்ணை, தலையை உலுப்பினது என்கிறீர்கள். உலுப்பின பிறகு அந்த வெள்ளை விழுந்ததா, நின்றதா?

கரம்பன்
அதைத்தானே தங்கச்சி நானும் கேட்கிறேன்.

பறாளை
விழுந்திருக்கும். பிணைதான்.

சுழிபுரத்தாள்
நீங்கள் அங்கே இருந்தீர்களா? அந்த இலாஸ்டிக் மூடியும் ஐஸ் பிடித்தால் கழலாது. பல்லால் இழுத்துப் பார்த்தவள் சொல்கிறேன்.