பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை எழுத வைத்தால் அவர்களுக்கு வழி தெரியுமா?

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
பாலக்காட்டு எல்லையில் தமிழ் மீடியம் பத்தாம் வகுப்பு எடுக்கிறேன். ‘என் எதிர்காலம்’ என்று எழுதச் சொன்னேன். பாதிப் பேர் கலெக்டர், மீதிப் பேர் டாக்டர், எல்லாம் கட்டுரை நோட்ஸில் இருப்பது. பிளஸ் ஒன்னுக்கு சயன்ஸா, காமர்ஸா, ஹியுமானிட்டிஸா என்றால், “அப்பாதான் சொல்லணும் டீச்சர்.” எழுத வைப்பதில் பலன் உண்டா?

வேலந்தாவளம் வாசி:
முதலில் தகவல் கொடுங்கள் டீச்சர். தமிழும் மலையாளமும் தெரிந்தவர்களுக்கென்றே கேரள அரசுப் பணித் தேர்வாணையம், அதான் பி.எஸ்.சி., தனியாக கிளார்க் எடுக்கிறது. எத்தனை வீட்டில் தெரியும்?

சித்தூர் பழைய வாத்தியார்:
தலைப்பை மாற்றுங்கள் டீச்சர். என்ன ஆகப்போகிறாய் என்றால் கலெக்டர்தான் வருவார், பாவம். அமெரிக்காவில் மார்க் சாவிக்கஸ் என்ற தொழில் வழிகாட்டல் பேராசிரியர், சின்ன வயதில் யாரைப் பார்த்து வியந்தாய், எந்தக் கதை பிடிக்கும் என்றுதான் தொடங்குவார். அதை நான் எழுத்தாக்கினேன்: ‘நீ பார்த்த ஒருவருடைய ஒரு நாளை, அவரே சொல்வதுபோல் எழுது.’

டாக்டர் கனவு சொல்லிக்கொண்டிருந்த ஒரு பெண், கால்வாய் ஷட்டர் திறப்பவராக எழுதினாள். தமிழ்நாடும் கேரளாவும் போட்ட 1970 ஒப்பந்தப்படி ஆழியாற்றிலிருந்து சித்தூருக்கு வருஷம் 7.25 டி.எம்.சி. வரணும் இல்லையா, அந்தத் தண்ணீர் மூலத்தறை ரெகுலேட்டரில் கால்வாய்களாகப் பிரிந்து கடைமடைக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்று கணக்கே போட்டிருந்தாள். அழகான வரி ஒன்றுகூடக் கிடையாது! பிறகு அதையே அவள் கையில் கொடுத்து, எந்த இடத்தை ஆசையாக எழுதினாய் என்றேன். “கணக்குதான் சார்.”

அப்புறம் அப்பாவும் தானும் பேசிக்கொள்வதாக ஒரு உரையாடல் எழுதச் சொன்னேன். அப்பா பேச்சு மடமடவென்று வந்தது. அவள் பக்கம் இரண்டு வரியில் நின்றுவிட்டது. அந்த இரண்டு வரியை வைத்துத்தான் அவளோடு உட்கார்ந்து பேசினேன். இப்போது பாலிடெக்னிக்கில் சிவில்.

மார்க் போடாதீர்கள். சத்தமாகப் படிக்கவும் வைக்காதீர்கள், வீட்டுச் சங்கதி வெளியே வந்துவிடும்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
பிழைகூடத் திருத்தக் கூடாதா சார்? கை சும்மா இருக்காதே!

சித்தூர் பழைய வாத்தியார்:
அதற்குத்தான் கட்டுரை நோட்டு இருக்கிறதே. வேலந்தாவளம்காரர் சொன்ன பி.எஸ்.சி. விஷயத்தைக் கட்டாயம் சொல்லுங்கள், ஆனால் எழுதி முடித்த பிறகு. முன்னாடியே சொன்னால் வகுப்பு மொத்தமும் கிளார்க் ஆகிவிடும். ஓணப் பரீட்சைக்கு முன்பே தொடங்கிவிடுங்கள்; மாடல் பரீட்சை நெருங்கினால் இதற்கெல்லாம் பீரியட் தரமாட்டார்கள்.